மருமகள் தூங்குகிறாள்... சத்தம் போடாதீங்க!

எங்க செட்டியார்பட்டியில் குழந்தை பிறந்தால் முதல் கேள்வி, "ஆணா, பொண்ணா?" அடுத்தது, "எத்தனை கிலோ?"

அக்காவுக்குப் பெண் பிறந்தபோது இரண்டாவது கேள்விக்கு நான் வாயே திறக்கவில்லை. ஒரு கிலோ நானூறு கிராம்! எட்டு வாரம் முன்னாடியே வந்துவிட்டாள். பிறந்ததும் அழவில்லை. ராஜபாளையத்திலிருந்து மதுரைக்கு ஆம்புலன்ஸ் பறந்தது.

தாய்மாமன் கெத்தோடு வெள்ளிக் கொலுசு வாங்கிக்கொண்டு போய் நின்றேன். கண்ணாடிப் பெட்டிக்குள் என் கட்டைவிரல் பருமனில் ஒரு கால். தலையில் ரெண்டு மூணு ஒயர். பக்கத்தில் குட்டி டி.வி. மாதிரி ஒன்று.

மோதிர விரலால் கண்ணாடியை 'டொக் டொக்' என்று தட்டினேன். பாய்ந்து வந்தார் நர்ஸ். "உங்க தலைக்கு மேல சம்மட்டியால அடிச்சா எப்படி இருக்கும் சார்? அவ வேலையா இருக்கா!"

"தூங்கிட்டுதானே சிஸ்டர் இருக்கா?"

"அதான் வேலை!"

டாக்டர் பொறுமையாக விளக்கினார். பச்சைக் குழந்தைக்கு வலிப்பு வந்தால் பல சமயம் கை, கால் இழுக்காது. வெளியே ஒன்றுமே தெரியாது. மூளையின் மின்சாரத்தைப் பார்த்தால்தான் தெரியும். பெரிய இ.இ.ஜி.க்கு ஏகப்பட்ட ஒயர். இந்த மெஷினுக்குச் சில ஒயர் போதும். மணிக்கணக்கான அலைகளைச் சுருக்கி ஒரு பட்டையாகக் காட்டிவிடும். 1960-களின் கடைசியில் லண்டனில் மேனார்ட், பமீலா ப்ரையர் என்ற இருவர் பெரியவர்களுக்காக உருவாக்கியது, பிற்பாடு தொட்டிலுக்கு வந்திருக்கிறது.

பட்டை அகலமானால் அமைதித் தூக்கம். ஒடுங்கினால் துடிப்புத் தூக்கம், இல்லை விழிப்பு. இரண்டும் மாறி மாறி வந்தால் மூளை ஒழுங்காக வளர்கிறது என்பதற்கு நல்ல அறிகுறியாம்.

துடிப்புத் தூக்கத்தில் இமைக்குள் கண் உருளும், உதடு சிரிக்கும். எங்க ஆச்சி, "நரி விரட்டுது" என்பாள். 1953-ல் சிகாகோவில் அசெரின்ஸ்கியும் க்ளைட்மனும் உலகத்துக்குச் சொன்ன தூக்கம் அதுதான். அசெரின்ஸ்கி முதலில் உட்கார்ந்து பார்த்ததும் குழந்தைகளின் கண்ணைத்தான். பிறந்த குழந்தையின் தூக்கத்தில் பாதி இந்த ரகம். குறைமாதக் குழந்தைக்கு இன்னும் அதிகம். மூளையின் நரம்புகள் ஒன்றோடொன்று கைகோக்கும் நேரம் அது. அப்போது போய்த் தட்டியிருக்கிறேன் நான்!

அதனால்தான் துணி மாற்றுவது, பால் கொடுப்பது எல்லாம் ஒரே நேரத்தில். மற்றபடி விளக்கு மங்கல், பேச்சு கிசுகிசு.

நாலாம் நாள் அக்காவின் நெஞ்சோடு நெஞ்சாகப் படுக்க வைத்தார்கள். கங்காரு முறை. 1978-ல் கொலம்பியா நாட்டின் பொகோடாவில், இன்குபேட்டர் பற்றாக்குறையைச் சமாளிக்க எட்கர் ரே என்ற டாக்டர் தொடங்கியது. இப்படிப் படுத்த குழந்தைகள் அதிக நேரம் அமைதியாகத் தூங்கியதை 2006-ல் அமெரிக்காவில் மூளை அலைகளை வைத்தே காட்டினார்கள். இந்தியா உள்பட ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வில், பிறந்தவுடனே இதை ஆரம்பித்தால் சாவு 25 சதவிகிதம் குறைகிறது என்று 2021-ல் தெரிந்தது.

"அப்பாவும் செய்யலாம்" என்றார் டாக்டர். மில்லில் நைட் ஷிப்ட் முடித்து வந்த அத்தான் நெளிந்தார். "நெஞ்செல்லாம் முடியா இருக்கே சார்..."

"கரடின்னா நினைக்கப்போறா? சட்டையைக் கழட்டுங்க!"

அரைமணி நேரத்தில் பட்டை மெல்ல அகலமானது. அத்தான் மூச்சைக்கூட மெதுவாகத்தான் விட்டார்.

மருமகள் இப்போது வீட்டில், ரெண்டே கால் கிலோ. பார்க்க வருகிறவர்கள் எல்லாம், "எழுப்பிக் காட்டேன்" என்கிறார்கள். வாசலில் நான்தான் காவல்.

கொலுசு? இன்னும் பீரோவில்தான். முத்துச் சத்தத்தில் முழித்துக்கொண்டால்?