வலிப்பு வரட்டும் என்று காத்திருக்கும் அறை

வந்துவிடக் கூடாதே என்று வருஷக்கணக்கில் வேண்டிக்கொண்ட குடும்பம், இந்த அறையில் மட்டும் வலிப்பு வரட்டும் என்று உட்கார்ந்திருக்கும். மூளையின் மின் அலைகளையும் நோயாளியின் அசைவுகளையும் சேர்த்துப் பதிவு செய்யும் வீடியோ இஇஜி பரிசோதனையில் கூட இருப்பவரை முதலில் உலுக்குவது இதுதான்.

பொருத்தமான இரண்டு மருந்துகளைச் சரியாகக் கொடுத்தும் வலிப்பு நிற்காவிட்டால், அது மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு. வலிப்பு நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் நிலை இது. அவர்களில் சிலருக்கு வலிப்பு கிளம்பும் இடம் மூளையில் ஒரே பகுதியாக இருக்கும். பேச்சும் நினைவும் பெரிதாகக் கெடாமல் அதை எடுக்க முடியுமானால் அறுவை சிகிச்சை செய்யலாம். நமக்கு இது புதிதல்ல. வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் ஜேக்கப் சாண்டி 1952லேயே செய்திருக்கிறார். ஆனாலும் இன்றுவரை பலர் இந்த வாசலுக்கு மிகத் தாமதமாகவே வந்து சேர்கிறார்கள் என்பது என் ஆதங்கம்.

வலிப்பு கிளம்பும் அந்த இடத்தைத் தேடத்தான் ஆஸ்பத்திரியில் நாட்கணக்கில் வாசம். எண்ணெய் வைக்காத தலையில் கம்பிகளை ஒட்டித் துணி சுற்றிவிடுவார்கள். படுக்கைக்கு நேரே கேமரா. வலிப்பு வரட்டும் என்று டாக்டர்கள் மாத்திரையைப் படிப்படியாகக் குறைப்பார்கள். அவசர மருந்தும் நர்சும் பக்கத்திலேயே இருப்பதால்தான் அது முடிகிறது. வீட்டில் ஒருபோதும் செய்யக் கூடாது.

கூட இருப்பவர் வெறும் காவலாள் இல்லை. வலிப்பு தொடங்கியதும் பட்டனை அழுத்த வேண்டும், போர்வையை விலக்க வேண்டும், கேமராவை மறைக்காமல் ஒதுங்கி நிற்க வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "கையைத் தூக்குங்க" என்று கேட்கலாம். "மாம்பழம்" என்று ஒரு சொல்லைச் சொல்லிவைத்து, தெளிந்ததும் நினைவிருக்கிறதா என்று விசாரிக்கலாம். அமுக்கிப் பிடிப்பதும் கையில் இரும்பைத் திணிப்பதும் வேண்டாம். வீட்டில் கவனித்ததையெல்லாம் டாக்டரிடம் கொட்டுங்கள். முதலில் வயிற்றிலிருந்து ஏதோ கிளம்புவதாகச் சொல்வாரா? உதட்டைச் சப்புக்கொட்டுவாரா? எந்தக் கை முறுக்கும்? அடங்கியதும் எந்தக் கையால் மூக்கைத் துடைப்பார்? மூளையின் பக்கவாட்டில் உள்ள டெம்போரல் பகுதி வலிப்பில், துடைக்கும் கையின் பக்கமே பெரும்பாலும் வலிப்பு கிளம்பும் பக்கம். அம்மாவுக்கோ மனைவிக்கோ மட்டும் தெரிந்த இந்தச் சின்ன விஷயம் ஸ்கேனுக்குத் துணை நிற்கும்.

நாட்கள் போயும் வலிப்பு வராவிட்டால், செலவு வைக்கிறோமே என்று நோயாளியே கூசிப்போவார். வராதது அவர் குற்றமில்லை என்று அப்போது வாய்விட்டுச் சொல்ல ஆள் வேண்டும். "மூளையில போய் கத்தி வைக்கலாமா?" என்று போனில் பயமுறுத்தும் சொந்தக்காரர்களை அவரிடம் விடாமல் நீங்களே பேசி அனுப்புங்கள். இதோடு நடக்கும் நினைவாற்றல் சோதனையில் அவர் திணறினாலும் பதிலை எடுத்துக் கொடுக்காதீர்கள். திணறுவதும் டாக்டர்களுக்குத் தெரிய வேண்டிய தகவல்தான்.

எம்ஆர்ஐ, தேவைப்பட்டால் பெட் ஸ்கேன் எல்லாம் முடிந்து டாக்டர்கள் கூடிப் பேசியபின் முடிவு சொல்வார்கள். வலிப்பு முழுசாக நிற்க இவருக்கு எவ்வளவு வாய்ப்பு, நினைவில் எது போகலாம், செய்யாமல் விட்டால் என்ன ஆபத்து என்ற மூன்றையும் எழுதிவைத்துக் கேளுங்கள். சம்மதம் அவருடையது, அவசரப்படுத்த வேண்டாம். "அறுவை சிகிச்சை பொருந்தாது" என்ற பதிலும் வரலாம். எதிர்பார்த்து வந்தவருக்கு அது பெரிய அடி. அன்று அறிவுரை வேண்டாம், கூட இருந்தால் போதும். டிஸ்சார்ஜுக்கு முன் ஒன்றை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்: குறைத்த மாத்திரையை எந்த அளவில், எப்போதிலிருந்து கொடுப்பது என்று சீட்டில் தெளிவாக எழுதி வாங்குங்கள்.