புழுதியும் மூச்சும்: செவ்வாயில் ஊர் கட்டும் விளையாட்டு

கையிருப்பில் உள்ள பொருளையும் ஆளையும் காலத்தையும் முன்கூட்டியே கணக்கிட்டுப் பங்கிடுபவருக்கே வெற்றி என்னும் விதியின்மேல் அமைந்த கணினி விளையாட்டுகள் வியூக விளையாட்டுகள் எனப்படுகின்றன. பல்கேரியாவின் ஹேமிமான்ட் கேம்ஸ் நிறுவனம் உருவாக்கி 2018 மார்ச்சில் வெளிவந்த ‘சர்வைவிங் மார்ஸ்’ அவ்வகையைச் சேர்ந்தது. செவ்வாய்க் கோளில் ஊர் அமைப்பதே அதன் பொருள். காற்று, நீர், மின்சாரம், உதிரிபாகம் ஆகியவற்றின் பற்றாக்குறைதான் இதில் பெரும் பகை.

முதல் ராக்கெட்டில் மனிதர் வருவதில்லை. ட்ரோன்கள் எனப்படும் சிறு தானியங்கி வண்டிகள் இறங்கி, சூரிய மின்தகடுகளை நிறுவி, நீரெடுக்கும் பொறிகளை அமைத்து, காற்றடைத்த குவிமாடம் ஒன்றைக் கட்டி முடித்த பின்னரே 12 பேர் வந்து சேர்கின்றனர். அந்தச் சிறு குழு சில ‘ஸோல்’கள், அதாவது 24 மணி 39 நிமிடம் கொண்ட செவ்வாய் நாள்கள், தாக்குப்பிடித்துக் காட்டிய பிறகே அடுத்த குழுவுக்கு வழி திறக்கிறது.

விளையாட்டின் உண்மையான கடுமை புழுதியில் இருக்கிறது. புழுதிப்புயல் வீசும்போது மின்தகடுகளின் உற்பத்தி சரிகிறது, காற்றின் ஈரத்தைப் பிடிக்கும் பொறிகளும் ஆக்சிஜன் ஆக்கும் பொறிகளும் நின்றுவிடுகின்றன. பழுது நீக்க வேண்டிய ட்ரோன்களோ மின்சாரம் ஏற்றிக்கொண்டால்தான் நகரும். மின்சாரம் இல்லாததால் ட்ரோன் ஓடவில்லை, ட்ரோன் ஓடாததால் தகடு பழுது நீங்கவில்லை, தகடு பழுதுபட்டதால் மின்சாரம் இல்லை. ஒரு விளைவு திரும்பி வந்து தன் காரணத்தையே வலுப்படுத்தும் இத்தகைய சுழற்சியை அமைப்புகளின் இயக்கத்தை ஆய்வோர் நேர்மறைப் பின்னூட்டம் என்கின்றனர். மின்கலத்திலும் ஆக்சிஜன் தொட்டியிலும் சேமிப்பு தீரும் வரை குவிமாடத்துக்குள் எல்லாம் இயல்பாகவே தோன்றும் என்பதால், ஆடுபவர் ஆபத்தை உணரும் நேரத்தில் திருத்த அவகாசம் இருப்பதில்லை. பாடநூல் விளக்கத்தைவிட அழுத்தமாக இந்தத் தாமதத்தை உணர்த்துவதே இவ்விளையாட்டின் பெருஞ்சிறப்பு.

புழுதியின் இந்தக் கடுமை கற்பனை மிகையன்று. 2004 முதல் செவ்வாயில் இயங்கிய நாசாவின் ஆப்பர்ச்சூனிட்டி ஊர்தி, இவ்விளையாட்டு வெளிவந்த மூன்றாம் மாதத்தில், 2018 ஜூனில், கோள் முழுவதும் பரவிய புழுதிப்புயலில் கதிரொளி இழந்து மௌனமானது. பிறகு எழவே இல்லை.

விளையாட்டில் ஆக்சிஜன் ஆக்கும் பொறியின் பெயர் ‘மாக்ஸி’. அது நாசாவின் கருவி ஒன்றின் பெயரே. 2021இல் பெர்சவரன்ஸ் ஊர்தியுடன் இறங்கிய அக்கருவி, 95 விழுக்காடு கரியமில வாயுவாலான செவ்வாய்க் காற்றை உறிஞ்சி, ஏறத்தாழ 800 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் மின்சாரத்தால் பிளந்து ஆக்சிஜனைப் பிரித்தது. 16 முறை இயங்கி அது தந்த மொத்த ஆக்சிஜன் 122 கிராம். ஒருவருக்கு ஒரு நாளைக்கு வேண்டியதோ 800 கிராமுக்கும் மேல்.

விளையாட்டு பெரிதும் எளிதாக்கிவிட்டது குவிமாடத்தின் உட்புறத்தைத்தான். குழாயில் ஆக்சிஜன் வந்தால் போதும், உள்ளே இருப்பவரின் மூச்சுக்குக் குறைவில்லை. அமெரிக்காவின் அரிசோனாவில் 1991இல் எட்டுப் பேரை உள்ளே வைத்து மூடப்பட்ட ‘பயோஸ்பியர் 2’ என்னும் கண்ணாடிக் கூடத்திலோ, வளமான மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தின்று கரியமில வாயுவை வெளியிட, அவ்வாயுவைக் கான்கிரீட் சுவர்கள் உறிஞ்சிக்கொண்டதால் இழப்பின் காரணம் நெடுநாள் புலப்படவில்லை. 21 விழுக்காட்டளவில் இருந்த ஆக்சிஜன் 15 விழுக்காட்டுக்கும் கீழே இறங்க, 1993 ஜனவரியில் வெளியிலிருந்து ஆக்சிஜன் செலுத்த வேண்டியதாயிற்று. அந்தக் கூடத்துக்கு வெளியே பூமி இருந்தது.