'படம்: கூகுள்' என்று எழுதினால் போதுமா?

ஆறாம், ஏழாம் வகுப்பு ஒப்படைப்புகளைத் திருத்தும் ஆசிரியர்களுக்கு இது பழகிய காட்சி. தஞ்சைப் பெரிய கோயிலைப் பற்றி ஐந்து பேர் எழுதியிருப்பார்கள். ஐந்திலும் அதே வாக்கியங்கள், அதே எழுத்துப்பிழைகள். ஒட்டிய படத்தின் கீழே 'படம்: கூகுள்'. பிள்ளைகளுக்குத் திருடும் எண்ணம் கிடையாது. இணையத்தில் கிடைப்பதெல்லாம் பொதுச்சொத்து என்று நம்புகிறார்கள், அவ்வளவுதான். அவர்களுக்குச் சட்டப் பிரிவுகள் வேண்டாம். எதையாவது எடுக்குமுன் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளப் பழகினால் போதும்: இதை எடுக்க எனக்கு அனுமதி உண்டா? இது யாருடையது என்று சொல்லிவிட்டேனா?

இவை இரண்டும் வேறு வேறு என்று புரியவைக்கப் பாரதியின் கதை ஒன்று போதும். பாரதி 1921-இல் மறைந்தார். அவர் பாடல்களின் திரைப்பட, ஒலிப்பதிவு உரிமை பின்னாளில் ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. நாடே பாடிய பாடல்களைப் படத்தில் சேர்க்க ஒருவரிடம் அனுமதி பெற வேண்டியிருந்தது. பாரதி மக்கள் சொத்தாக வேண்டும் என்ற குரல் எழுந்தது. 1949-இல் சென்னை மாகாண அரசு உரிமையைப் பெற்றது. பிறகு அது மக்களுக்கே வழங்கப்பட்டது. இன்று அந்தப் பாடல்களை யாரும் அச்சிடலாம், மெட்டமைக்கலாம், விற்கவும் செய்யலாம்.

அதே பாடலின் கீழே ஒரு மாணவி தன் பெயரை எழுதிக் கொடுத்தால்? அனுமதிக் கேள்வியில் அவள் தேறிவிடுகிறாள். இரண்டாவது கேள்வியில் பொய் சொல்கிறாள். இதை வகுப்பிலேயே கேட்டுவிட்டு, பிள்ளைகளை வாதாட விடுவது நல்லது. விடையை ஆசிரியர் சொல்லித் தருவதைவிட அவர்களே கண்டுபிடிப்பது மனதில் நிற்கும்.

சட்டத்தில் அவர்கள் அறிய வேண்டியது கொஞ்சம்தான். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இல் வந்தது. எழுதியவரின் வாழ்நாள் முழுவதும், அவர் இறந்த பின் 60 ஆண்டுகளும் உரிமை இருக்கும். முன்பு இது 50 ஆண்டுகள். 1941-இல் மறைந்த தாகூரின் படைப்புகளுக்கு உரிமை முடியும் தறுவாயில்தான் 60 ஆக நீட்டினார்கள். உரிமைக்காக எங்கும் பதிவு செய்ய வேண்டியதில்லை. எழுதிய, வரைந்த கணமே அது பிறந்துவிடுகிறது. ஆகவே ஏழாம் வகுப்புப் பிள்ளை வரைந்த ஓவியத்துக்கும் பதிப்புரிமை உண்டு. பாடத்தை இங்கிருந்து தொடங்குவதே சரி என்பேன். தன் ஓவியத்தை வேறொருவர் தன்னுடையது என்று காட்டினால் எப்படி இருக்கும் என்று கேட்டால், மற்றவர் உரிமையை அதன்பின் விளக்க வேண்டியதே இருக்காது.

தகவல் யாருக்கும் சொந்தமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளைகள் எதையும் எழுதவே பயப்படுவார்கள். பெரிய கோயிலை ராஜராஜன் கட்டினான், 1010-இல் பணி நிறைவுற்றது என்பதை எவரும் எழுதலாம். அதை ஒருவர் சொன்ன விதம், அவர் எடுத்த புகைப்படம் இவைதான் அவருடையவை. இதற்கு நல்ல பயிற்சி ஒன்று உண்டு: ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லி, புத்தகத்தை மூடவைத்து, நினைவில் நின்றதை எழுதச் சொல்வது. எழுதியவற்றை உரக்கப் படித்தால் ஒவ்வொன்றும் வேறு குரலில் இருக்கும்.

பள்ளிக்குச் சட்டம் சலுகையும் தருகிறது. பாடம் நடத்தும்போது ஆசிரியரும் மாணவரும் பகுதிகளைப் படியெடுக்கலாம். மாணவர், ஆசிரியர், பெற்றோர் மட்டும் பார்க்கும் ஆண்டுவிழாவில் ஒருவருடைய நாடகத்தை நடிக்கலாம். அதைப் படம்பிடித்து யூடியூபில் ஏற்றினால் அந்தச் சலுகை கூட வராது.

இனி அந்த 'படம்: கூகுள்'. கூகுள் படத்தைத் தேடித் தருகிறது, எடுத்தவர் வேறொருவர். படத்தைச் சொடுக்கி, அது இருக்கும் பக்கத்துக்கே போக வேண்டும். விக்கிமீடியா காமன்ஸில் பழகுவது எளிது: ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் எடுத்தவர் பெயரும், எந்த நிபந்தனையில் பயன்படுத்தலாம் என்பதும் இருக்கும். எடுத்தவர் பெயர், தளத்தின் பெயர், பார்த்த தேதி மூன்றையும் படத்தின் கீழேயே எழுதச் சொல்லலாம். செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டு எழுதினால் அதையும் அப்படியே குறிப்பிட்டு, அது சொன்ன ஒவ்வொரு தகவலையும் பாடநூலிலோ நூலகத்திலோ சரிபார்த்த பிறகே சேர்க்கச் சொல்லுங்கள்.