குளச்சல் போரைப் பலகையில் ஆடினால்

குளச்சல் போர் என்றதும் குமரி மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு நினைவுக்கு வருவது கடலோரத்து வெற்றித்தூண். திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மா டச்சுக்காரர்களை வென்றார், டச்சுப் படைத்தலைவர் டிலனாய் பிடிபட்டார், ஆண்டு 1741. தேர்வுக்கு இது போதும். அந்த வெற்றி எப்படி வந்தது என்று புரிய, போரை ஒரு பலகையில் விரித்து இருவர் எதிரெதிரே உட்கார்ந்து ஆடிப் பார்க்க வேண்டும்.

இப்படி ஆடிக் கற்பது புதிய வழக்கமல்ல. பிரஷ்யாவின் ராணுவ அதிகாரிகள் 1824-லேயே வரைபடத்தின்மேல் காய் நகர்த்திப் போர் பழகினார்கள். அமெரிக்காவில் 1958-ல் கெட்டிஸ்பர்க் போர் பலகை ஆட்டமாகக் கடைக்கு வந்தது. நமக்கு அந்த அளவுக்குத் தூரம் போக வேண்டியதில்லை. ஆடு புலி ஆட்டம் இருக்கிறது. மூன்று புலி, பதினைந்து ஆடு. புலி தாண்டி வெட்டும். ஆட்டுக்கு வெட்டவே தெரியாது, சூழ்ந்து நின்று கட்டத்தான் தெரியும். இரு தரப்புக்கும் சம பலம் தரும் சதுரங்கத்தைவிடக் குளச்சல் கதைக்கு இதுவே பொருத்தம்.

பலகையில் முதலில் கடல். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் அங்கே நிற்கும். மிளகு வணிகத்தில் தங்கள் பிடி நழுவுகிறது, மார்த்தாண்ட வர்மா பக்கத்து நாடுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்கிறார் என்பதுதான் அவர்களுடைய கோபம். 1740 நவம்பரில் குளச்சலைப் பீரங்கியால் தாக்கிக் கரையிறங்குகிறார்கள். அங்கிருந்து ஒரு கோடு இரணியலுக்கு, இன்னொன்று அன்றைய தலைநகரான கல்குளத்துக்கு, அதாவது இன்றைய பத்மநாபபுரத்துக்கு. அரசரின் பெரும்படை அப்போது வடக்கே இருந்தது. முதல் சில முறைகளில் டச்சுப் புலி விரும்பிய இடத்துக்கெல்லாம் பாயும்.

பிறகு ஆனி, ஆடி வரும். இந்த ஆட்டத்தின் உயிரே அங்கேதான். தென்மேற்குப் பருவக்காற்றில் நம் மேற்குக் கரைக் கடல் எப்படிப் பொங்கும் என்று குளச்சல்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டாம். கப்பல் கரையை நெருங்க முடியாது. அரிசியும் மருந்தும் ஆளும் இறங்காது. ஜாவாவில் கம்பெனியின் தலைமையிடமான படேவியாவிலிருந்து உதவி வருமா என்றால், அங்கேயே 1740-ல் மூண்ட கலவரம் போராகி இருந்த படையைக் கட்டிப்போட்டுவிட்டது. டச்சுத் தரப்பில் ஆடுபவருக்கு அந்த மாதங்களில் புதுக் காய் எதுவும் கொடுக்கக் கூடாது. திருவிதாங்கூர்த் தரப்புக்கோ முறைக்கு முறை காய் சேரும். கல்குளத்தை மீட்டு, டச்சுக்காரரைக் குளச்சலுக்கே திரும்பத் தள்ளி, சுற்றி நின்று கட்டும். கரையோர மீனவரான முக்குவர் அரசர் பக்கம் நின்றார்கள் என்று இங்கே வழிவழியாகச் சொல்வார்கள். கடலோரக் கட்டங்களில் அவர்களுக்குத் தனிக் காய் வேண்டும் என்பது என் பிடிவாதம். தூணில் செதுக்கப்படாத பெயர்களுக்குப் பலகையிலாவது இடம் வேண்டும்.

முற்றுகைக்குள் ஒரு குண்டு வெடிமருந்தில் விழுந்து, தீயில் அரிசியும் எரிந்ததாகச் சொல்லப்படுகிறது. தாயக்கட்டையை உருட்டி அதை முடிவுசெய்யலாம். ஆனால் கட்டை எந்தப் பக்கம் விழுந்தாலும் டச்சுப் படை தோற்ற ஆகஸ்ட் மாதத்து முடிவு பெரிதாக மாறாது என்றே நினைக்கிறேன். சோறு வரும் வழி அடைபட்ட படைக்கு அந்தத் தீ நாட்களைக் குறைத்தது, அவ்வளவுதான். ஒருநாள் வீரம் என்று நாம் கொண்டாடுவது பல மாதப் பொறுமை. மேடைப்பேச்சு அதைச் சொல்வதில்லை, ஆடிப் பார்க்கும் பிள்ளை தானே கண்டுகொள்வாள். தக்கலை, இரணியல் பள்ளிகளில் ஒரு அட்டையும் கொஞ்சம் புளியங்கொட்டையும் இருந்தால் நாளைக்கே தொடங்கலாம்.

விதி எழுதக் கடினமான காய் டிலனாய்தான். எந்த ஆட்டத்திலும் வெட்டுப்பட்ட காய் பலகைக்கு வெளியே போகும். இவரோ தோற்ற பிறகு அரசரின் படைக்குப் பயிற்சி தந்து, வலிய கப்பித்தானாக, அதாவது பெரிய தளபதியாக உயர்ந்து, 1777-ல் இறக்கும்வரை திருவிதாங்கூரை விட்டுப் போகவில்லை. புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கும் அவர் கல்லறையில் லத்தீனோடு தமிழும் பொறித்திருக்கிறது. அவர் வகுத்த நெடுங்கோட்டை அரணில்தான் 1789 டிசம்பரில் திப்பு சுல்தானின் முதல் தாக்குதல் முறியடிக்கப்பட்டது. எனவே குளச்சலில் பிடித்த அந்த ஒரு காயை மட்டும் எடுத்து வைத்துவிடக் கூடாது. வடக்கே காயங்குளம் நோக்கி விரிந்து, டச்சுக்காரர்கள் 1753-ல் மாவேலிக்கரை உடன்படிக்கைக்கு இறங்கிவரும்வரை நீளும் இரண்டாம் பலகையில், அது அரசர் தரப்பிலிருந்து ஆட்டத்தைத் தொடங்க வேண்டும்.