மலிவு டயரா, விலையுயர்ந்த டயரா? மழையில் தெரியும் வித்தியாசம்

தீபாவளிக்கு ஊருக்குப் புறப்படுவதற்கு இரண்டு நாள்களுக்கு முன்புதான் பலருக்குக் காரின் டயர் நினைவுக்கு வருகிறது. பட்டறையில் காரைத் தூக்கிப் பார்த்தால் முன் டயர்கள் இரண்டும் வழவழவென்று தேய்ந்து போயிருக்கும். "அண்ணே, மலிவா என்ன இருக்கு?" என்று கேட்பார் வந்தவர். "இது நூத்து முப்பது, அது இருநூத்து ஐம்பது. ரெண்டும் கறுப்புதான், ரெண்டும் வட்டம்தான். உங்க இஷ்டம் தம்பி" என்று பதில் வரும். துணிமணி, பலகாரம், பிள்ளைகளுக்கு அங்பாவ் என்று வரிசையாகச் செலவு காத்திருக்கும் வேளையில் விரல் மலிவானதை நோக்கித்தான் நீளும்.

அந்த விலைகளையே கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். டயர் ஒன்றுக்கு 120 வெள்ளி வித்தியாசம் என்றால் நான்கு டயர்களுக்கு 480 வெள்ளி. நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. அதிலும் இது கால் பங்குக்கு மேல். ஆகவே, மலிவு டயரைத் தேடுபவரைக் கஞ்சன் என்று சொல்வதில் நியாயமில்லை. ஆனால் அதே 480 வெள்ளியை வேறு விதமாகவும் பார்க்கலாம். டயர்கள் 40,000 கிலோமீட்டர் ஓடும், காரோ ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓடுகிறது என்றால், அந்தக் கூடுதல் செலவு மாதத்துக்கு 15 வெள்ளி. இந்த 15 வெள்ளிக்கு என்ன கிடைக்கிறது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

வெயிலில் காய்ந்த சாலையில், தாமானுக்குள் 40, 50 கிலோமீட்டர் வேகத்தில் போய் வரும்போது பெரிதாக ஒன்றும் கிடைப்பதில்லை. ஓசை கொஞ்சம் குறையும், பெட்ரோல் கொஞ்சம் மிச்சமாகும், அவ்வளவுதான். உண்மையான வித்தியாசம் ஈரச் சாலையில் பிரேக்கை மிதிக்கும்போதுதான் வெளிப்படுகிறது. நம் நாட்டுக்கு அதுதான் முக்கியம். பனிக்காலம் என்ற ஒன்று நமக்கு இல்லை. மழைக்கோ குறைவே இல்லை. மேற்குக் கரை மாநிலங்களில் பருவக்காற்று மாறும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகலில் இடியோடு கொட்டும் மழை வாடிக்கை. பெரும்பாலும் தீபாவளிப் பயணமும் அந்த நாள்களில்தான் அமைகிறது.

மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் மழையில் இரண்டு கார்கள் பக்கத்துப் பக்கத்துத் தடங்களில் போகின்றன. முன்னால் ஒரு லோரி திடீரென்று நிற்கிறது. இரு ஓட்டுநர்களும் ஒரே நொடியில் பிரேக்கை அழுத்துகிறார்கள். ஒரு கார் 30 மீட்டரில் நின்றுவிடுகிறது; மற்றது நிற்க 40 மீட்டர் தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து மீட்டர்தானே என்று தோன்றலாம். ஆனால், முதல் கார் முழுமையாக நின்றுவிட்ட அதே இடத்தை இரண்டாவது கார் கடக்கும்போது அதன் வேகம் இன்னும் மணிக்கு 40 கிலோமீட்டர். வேகத்தில் பாதி அப்படியே மிச்சமிருக்கிறது! லோரியின் பின்புறத்தில் அந்த வேகத்தில்தான் மோதும்.

இது மிகைப்படுத்திச் சொல்லப்படும் கணக்கன்று. ஐரோப்பிய ஒன்றியம் 2012 முதல் ஒவ்வொரு புதிய டயரிலும் ஈரச் சாலைப் பிடிமானத்தைத் தரம் பிரித்து ஒட்டுத்தாளில் காட்ட வேண்டும் என்று விதித்தது. அந்தத் தர வரிசையில் ஏ தர டயர்கள் பூட்டிய காருக்கும் எஃப் தர டயர்கள் பூட்டிய காருக்கும் இடையே, 80 கிலோமீட்டர் வேகத்தில் நிற்கும் தூரத்தில் 18 மீட்டர் வரை வித்தியாசம் இருக்கும் என்று அது விளக்கியது. ஒரு மைவி காரின் நீளம் 4 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. நான்கு மைவிகளை வரிசையாக நிறுத்தினாலும் அந்தத் தூரம் நிரம்பாது.

பால்மரமும் மணலும்

ஒரு டயர் எந்த நேரத்திலும் சாலையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவுதான். குடும்பமே ஏறிய கார் நான்கு உள்ளங்கைகளின் மேல் ஓடுகிறது. நம் தாத்தா பாட்டி இருட்டோடு எழுந்து சீவிய பால்மரத்தின் பால் இன்றும் டயரில் இருக்கிறது. ஆனால் கார் டயரில் அது தனித்து இல்லை. செயற்கை ரப்பரும் சேர்கிறது. டயருக்குக் கறுப்பு நிறத்தையும் வலுவையும் தருவது கரித்தூள். 1990-களின் தொடக்கத்தில் அந்தக் கரித்தூளில் ஒரு பகுதிக்குப் பதிலாக, மணலிலிருந்து தயாரிக்கப்படும் சிலிக்காவைச் சேர்க்கும் முறை பரவியது. ஈரத்தில் பிடிமானம் கூடியது. எரிபொருள் செலவும் குறைந்தது. ஆனால் சிலிக்கா ரப்பரோடு எளிதில் கலக்காது. இரண்டையும் இணைக்கத் தனி இரசாயனம் வேண்டும், கலக்கும்போது வெப்பநிலையைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். விலையுயர்ந்த டயரின் காசு ஓரளவு இங்கேதான் போகிறது. பந்தயக் கார்களில் பெயர் பொறிக்கும் விளம்பரச் செலவும் அந்த விலைக்குள்தான் அடங்கியிருக்கிறது என்பதையும் மறைப்பதற்கில்லை.

இன்னொரு வேலை டயரின் வரிப்பள்ளங்களுடையது. சாலையில் 3 மில்லிமீட்டர் தண்ணீர் நிற்கிறது. டயரின் அகலம் 185 மில்லிமீட்டர். வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர். பெருக்கிப் பார்த்தால், டயர் தன் வழியிலிருந்து வினாடிக்கு 12 லிட்டர் தண்ணீரை அப்புறப்படுத்த வேண்டும். ஒவ்வொரு வினாடியும் ஒரு வாளி! பள்ளம் தேய்ந்திருந்தால் தண்ணீருக்குப் போக வழியில்லை. டயர் தண்ணீரின் மேல் ஏறி மிதக்கத் தொடங்கும். அப்போது ஸ்டேரிங்கைத் திருப்பினாலும் கார் திரும்பாது. புதிய டயரின் பள்ளம் 7, 8 மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். பள்ளங்களுக்குள் ஆங்காங்கே காணப்படும் சிறு மேடுகள் 1.6 மில்லிமீட்டர் உயரம் கொண்டவை. டயர் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது. ஆயினும், மழை நாட்டில் 3 மில்லிமீட்டர் ஆனதுமே மாற்றிவிடுவது நல்லது. இந்த ஒரு விஷயத்தில் மலிவு டயருக்கும் நியாயம் செய்ய வேண்டும். நீர் தேங்கிய சாலையில், மொட்டையாகத் தேய்ந்த விலையுயர்ந்த டயரைவிடப் புத்தம் புதிய மலிவு டயர் எவ்வளவோ மேல்.

டயரின் பக்கச் சுவரே பேசும்

பெயரை மட்டும் பார்த்து வாங்குபவர் பாதி ஏமாறுகிறார். எழுத்துகளைப் படிக்கத் தெரிந்தவருக்கு டயரே பதில் சொல்லிவிடும். 185/55 ஆர்15 82வி என்றிருந்தால், அகலம் 185 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 55 விழுக்காடு, ரிம் 15 அங்குலம். 82 என்பது ஒரு டயர் 475 கிலோ வரை தாங்கும் என்பதற்கான எண். வி என்றால் மணிக்கு 240 கிலோமீட்டர் வரைக்கும் சோதிக்கப்பட்டது. அவ்வளவு வேகத்தில் யாரும் போகப்போவதில்லைதான். ஆனால் கார் தயாரிப்பாளர் குறித்த எண்ணுக்குக் கீழே இறங்கினால், பாரம் ஏற்றி வெயிலில் நெடுந்தூரம் ஓடும்போது டயர் கூடுதலாகச் சூடேறும். விலை குறைகிறது என்று இந்த எண்களில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

பல டயர்களில் அமெரிக்க முறைப்படி இன்னும் மூன்று குறிப்புகள் உண்டு. 'ட்ரெட்வேர்' என்ற எண் கூடினால் மெதுவாகத் தேயும் என்று பொருள். ஆனால் அதை அந்தந்தத் தயாரிப்பாளரே தருவதால் ஒரு நிறுவனத்தின் 400-ஐ மற்றொரு நிறுவனத்தின் 400-உடன் ஒப்பிட முடியாது. கவனிக்க வேண்டியது 'ட்ரெக்‌ஷன்' என்ற எழுத்து. ஈரத்தில் நேராக நிற்கும் திறனை அது காட்டுகிறது: ஏஏ, ஏ, பி, சி. கடைக்காரர் நீட்டும் மலிவு டயரில் ஏ இருந்தால் நின்று யோசிக்கலாம். பி அல்லது சி என்றால் நன்றி சொல்லிவிட்டு வேறு டயரைக் கேட்கலாம்.

அடுத்தது, டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்கள். 2325 என்றால் 2025-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. ரப்பர் ஓடாமல் கிடந்தாலும் முதுமையடைகிறது. நம் ஊர் வெப்பம் அதைத் துரிதப்படுத்தும். ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும், பத்து ஆண்டுகள் ஆனால் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் மாற்ற வேண்டும் என்று பெரிய டயர் நிறுவனங்களே அறிவுறுத்துகின்றன. "ஆஃபர்" என்று பாதி விலைக்கு வரும் பிரபல டயரில் முதலில் இந்த நான்கு எண்களைத்தான் பார்க்க வேண்டும்.

நடுவழி ஒன்றும் இருக்கிறது. பெரிய நிறுவனங்கள் பலவும் இரண்டாம் வரிசைப் பெயர்களில் டயர் விற்கின்றன. பிரிட்ஜ்ஸ்டோனுக்கு ஃபயர்ஸ்டோன், காண்டினெண்டலுக்கு வைக்கிங், ஹான்கூக்குக்கு லாஃபென், சுமித்தோமோவுக்கு ஃபால்கென். உச்ச விலையும் இல்லை, முன்பின் தெரியாத பெயரும் இல்லை. மாதச் சம்பளக் குடும்பத்துக்கு இதுவே பொருத்தமான இடம். "உள்ளூர்த் தயாரிப்பு" என்ற பேச்சிலும் எச்சரிக்கை தேவை. ஷா ஆலாமில் 1972 முதல் இயங்கிய குட்இயர் தொழிற்சாலை 2024 ஜூன் மாதத்துடன் மூடப்பட்டுவிட்டது.

இரண்டுதான் வாங்க முடியும் என்றால்?

பெரும்பாலான குடும்பங்களின் நிலை இதுதான். சாகா, மைவி போன்ற கார்களை இழுப்பது முன் சக்கரங்கள். ஆகவே முன் டயர்கள்தான் முதலில் தேய்கின்றன. புதிதாக வாங்கும் இரண்டையும் முன்னால் பூட்டிவிட்டு, தேய்ந்ததைப் பின்னால் தள்ளுவதே பட்டறைகளில் வழக்கம். கேட்பதற்கு நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் டயர் நிறுவனங்கள் சொல்வது நேர்மாறானது: புதிய ஜோடி பின்னால்தான் போக வேண்டும்.

காரணம் எளிது. மழையில் முன் டயர் பிடியை இழந்தால் கார் வளைவில் நேராக நழுவும். ஓட்டுநரின் கைக்கு அது உடனே தெரியும், காலை எண்ணெய் மிதியிலிருந்து எடுத்தால் பெரும்பாலும் பிடி திரும்பிவிடும். பின் டயர் பிடியை இழந்தாலோ, முன்னறிவிப்பே இல்லாமல் காரின் பின்பகுதி சுற்றிக்கொண்டு வரும். காராக் நெடுஞ்சாலை வளைவிலோ மெனோரா சுரங்கப்பாதையை ஒட்டிய இறக்கத்திலோ அப்படிச் சுற்றும் காரை அனுபவசாலியாலும் நேராக்குவது கடினம். எனவே, நல்ல நிலையில் உள்ள பழைய டயர்களை முன்னுக்குக் கொண்டுவந்து, புதியதைப் பின்னால் பூட்டச் சொல்ல வேண்டும். பட்டறைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை. பழையவை முன்னுக்கும் உதவாத அளவு மொட்டையாகிவிட்டால் நான்கையும் மாற்றுவதைத் தவிர வழியில்லை. அந்த நிலையில் விலையுயர்ந்த இரண்டை வாங்குவதைவிட நடுத்தர விலையில் நான்கு வாங்குவதே புத்திசாலித்தனம்.

செகண்ட் ஹேண்ட் டயரும், 'செலுப்' எனப்படும் மேல்தோல் ஒட்டிய டயரும் இன்னும் மலிவு. செலுப் தொழில்நுட்பமே மோசமானது என்று சொல்லிவிட முடியாது. விமான டயர்களுக்கும் மேல்தோல் மாற்றிப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அங்கே ஒவ்வொரு டயரின் வரலாறும் பதிவில் இருக்கிறது, ஒவ்வொன்றும் சோதனைக்கு உள்ளாகிறது. சாலையோரக் கடையில் அடுக்கி வைத்திருக்கும் பழைய டயர் எந்தக் குழியில் விழுந்தது, காற்றில்லாமல் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று யாருக்குத் தெரியும்? உள்ளே அறுந்த நூல் வெளியே தெரிவதில்லை. புதிய மலிவு டயர் வாங்க முடிகிற எவரும் இதன் பக்கம் போகவே வேண்டாம்.

காற்றழுத்தத்தைக் கவனிக்காதவருக்கு எந்த விலை டயரும் உழைக்காது. ஓட்டுநர் கதவருகே ஒட்டியிருக்கும் அளவைப் பார்த்து, டயர் குளிர்ந்திருக்கும்போது மாதம் ஒரு முறை நிரப்பினால் போதும். நைட்ரஜனுக்குத் தனியாகக் காசு கொடுக்கத் தேவையில்லை. சாதாரணக் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான்.

கடைசியாக, காரின் பின்பெட்டியில் கம்பளத்துக்கு அடியில் உறங்கும் ஸ்பேர் டயர். கார் வாங்கிய நாளிலிருந்து அதைத் தொடாதவர்கள் ஏராளம். அதற்கும் அந்த நான்கு எண்கள் உண்டு, அதற்கும் காற்று இறங்கும். அது ஒல்லியான தற்காலிக டயராக இருந்தால் பக்கத்தில் 80 கிலோமீட்டர் என்று எழுதியிருக்கும். தாப்பா அருகே பஞ்சரானால் அதைப் பூட்டிக்கொண்டு இடது தடத்திலேயே மெதுவாக அடுத்த டயர் கடைவரை போகலாம். கோலாலம்பூர் வரை போகக் கூடாது.