மடியில் ஒரு படப் புத்தகம்

திருவனந்தபுரம் தம்பானூர் ரயில் நிலையத்தில் நாகர்கோவில் வண்டிக்குக் காத்திருக்கும்போது கைக்குழந்தை சிணுங்கினால், அதன் கையில் பெரும்பாலும் திணிக்கப்படுவது செல்போன்தான். அழுகை உடனே நின்றுவிடும். களைத்துப்போன தாயைக் குறை சொல்லவும் மனம் வராது. ஆனால், இரண்டு வயது நிறையும்வரை திரையே வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதல். குழந்தை உட்கார்ந்திருக்கும் நேரத்துக்கு அது பரிந்துரைப்பது, பெரியவர்கள் கூடவே இருந்து புத்தகம் படித்துக் காட்டுவதையும் கதை சொல்வதையும்தான்.

மூக்கு எங்கே?

இந்த ஊர் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் 1987 முதல் குழந்தை வளர்ச்சி மையம் இயங்குகிறது. அங்கே உருவான ‘திருவனந்தபுரம் வளர்ச்சி அட்டவணை’ இரண்டு வயது வரையிலான குழந்தைகளுக்கானது. மொத்தம் 17 அம்சங்கள். குழந்தையின் வயதுக்கு நேராக ஒரு ஸ்கேலை நிறுத்தி வைத்தால் போதும், அதற்குள் வந்திருக்க வேண்டிய திறன்களில் எது வரவில்லை என்று தெரிந்துவிடும். முகம் பார்த்துச் சிரிப்பது, தலை நிற்பது, தனியாக நடப்பது எனப் போகும் வரிசையில் இரண்டு சொல் பேசுவதும், பொம்மையின் உறுப்புகளைத் தொட்டுக் காட்டுவதும் உண்டு.

“மூக்கு எங்கே? கண் எங்கே?” என்று படத்தைக் காட்டிக் கேட்கும் பாட்டி அந்த அட்டவணையைப் பார்த்திருக்க மாட்டார். ஆனால் குழந்தைக்கு அவர் கொடுப்பது அதே திறனுக்கான பயிற்சிதான்.

எழுத்தை விடுங்கள், பேசுங்கள்

“அவனுக்குத்தான் படிக்கத் தெரியாதே!” என்பார்கள். தெரிய வேண்டியதில்லை. கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே படித்துக் காட்டலாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2014இல் சொன்னது. ஆறு மாதக் குழந்தை புத்தகத்தை வாயில்தான் வைக்கும். வைக்கட்டும், கெட்டி அட்டைப் புத்தகமாக வாங்கிக் கொடுங்கள்.

வரி விடாமல் வாசித்து முடிப்பதைவிட நடுநடுவே நின்று பேசுவதில்தான் பலன் அதிகம்.

“யானை எங்கடா?”

“தோ!”

“ஆமா, பெரிய யானை. தும்பிக்கையால என்ன பண்ணுது?”

குழந்தை சொன்ன ஒற்றைச் சொல்லை வாங்கி, இன்னும் சில சொற்களாக வளர்த்துத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. இப்படிக் கேட்டுப் பேசிப் படித்தால் பேச்சு வளர்கிறது என்பதை 1980களிலேயே ஆராய்ந்து காட்டியிருக்கிறார்கள். “சாப்பிடு, தொடாதே, சீக்கிரம் வா” என்றே ஓடும் வீட்டுப் பேச்சில் கரடியும் படகும் புயலும் எங்கே வரப்போகின்றன? ஒரே கதையைக் குழந்தை திரும்பத் திரும்பக் கேட்டால் அலுத்துக்கொள்ளாதீர்கள். அடுத்து வருவதைத் தானே சொல்லிப் பார்க்கத்தான் அந்தப் பிடிவாதம். கேள்வி கேட்கலாம், பரீட்சை மட்டும் வைக்கக் கூடாது.

எந்த மொழியில்?

தம்பானூர், சாலை, கரமனைப் பக்கத்துத் தமிழ் வீடுகளின் பெரிய கவலை இது. வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், பள்ளியில் ஆங்கிலம். பிள்ளை குழம்பிப் பேசத் தாமதமாகுமோ? பல மொழி கேட்பதால் பேச்சுக் கோளாறு வருவதில்லை. ஒரே வாக்கியத்தில் தமிழும் மலையாளமும் கலந்து வந்தாலும் அது இயல்புதான். உங்களுக்குச் சரளமாக வரும் மொழியில் படியுங்கள். தட்டுத் தடுமாறி ஆங்கிலம் வாசிப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

தமிழ்ப் புத்தகம் கைக்கு எட்டாவிட்டால், கிடைக்கும் மலையாளப் படப் புத்தகத்தையே பிரித்துக் கதையைத் தமிழில் சொல்லலாம். சென்னை தூலிகா பதிப்பகம் ஒரே கதையை இருமொழிப் புத்தகமாகவும், பல மொழிகளில் தனித்தனியாகவும் வெளியிடுகிறது. 1829இல் தொடங்கிய மாநில மத்திய நூலகம் பாளையத்தில் இருக்கிறது. குழந்தைகளுக்குத் தனிப் பிரிவும் அங்கே உண்டு.

எப்போது டாக்டரைப் பார்ப்பது?

புத்தகம் மருந்து அல்ல. ஒரு வயதாகியும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத குழந்தை, இரண்டு வயதாகியும் “பால் வேணும்” என்பதுபோல இரண்டு சொல் சேர்த்துப் பேசாத குழந்தை, வந்த பேச்சு நின்றுபோன குழந்தை ஆகியோரை உடனே காட்ட வேண்டும். “அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்” என்று காத்திருக்க வேண்டாம். முதலில் செவித்திறனைச் சோதிப்பார்கள். அதற்கு ஆக்குளத்தில் பேச்சு, செவித்திறனுக்கான ‘நிஷ்’ தேசிய நிறுவனம் இருக்கிறது.