மலையேறும் கார் ஏன் நடுங்குகிறது?

கச்சிராயபாளையம் தாண்டிக் கல்வராயன் மலைச் சாலையில் வெள்ளிமலைக்குக் காரில் சென்றிருக்கிறீர்களா? ஏற்றத்தில் சில சமயம் கார் முழுவதும் 'கடகட'வென நடுங்கும். வளைவில் திரும்பும்போது முன்சக்கரத்தின் பக்கமிருந்து 'டக், டக்' என்று ஓசை வருவதும் உண்டு. புது வண்டி, போகப் போகச் சரியாகிவிடும் என்று வீட்டில் சொல்வார்கள். இவற்றுள் முன்னது பெரும்பாலும் பழுதே அன்று. பின்னதை அப்படி விட்டுவிடக் கூடாது.

நடுக்கத்தை முதலில் பார்ப்போம். இன்றைய சிறிய கார்கள் பலவற்றில் மூன்று சிலிண்டர் எஞ்சின் இருக்கிறது. எஞ்சின் அச்சு இரண்டு சுற்றுச் சுற்றுவதற்குள் ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு முறைதான் எரிபொருள் எரிகிறது. ஆகவே இரண்டு சுற்றுக்கு மூன்று உந்தல்கள். ஏற்றத்தில் மூன்றாம் கியரிலேயே ஓட்டினால் எஞ்சின் திணறி நிமிடத்துக்கு 1,200 சுற்றுக்கு இறங்கிவிடலாம். அதாவது வினாடிக்கு 20 சுற்று, 30 உந்தல். சுமை மிகுதியால் ஒவ்வோர் உந்தலும் பலமானது. ஊஞ்சலை அதன் தாளத்துக்கு ஒத்துத் தள்ளினால் ஆட்டம் பெருகுகிறது அல்லவா? அதுபோலவே, ஸ்டீயரிங், தரைத்தகடு முதலியவற்றின் இயற்கை அதிர்வெண்ணை உந்தல்கள் நெருங்கினால் அவையும் சேர்ந்து அதிரும். கியரை ஒன்று குறைத்தால் போதும். சுற்று 1,800 ஆனால் உந்தல் 45 ஆகும். நடுக்கம் அடங்கிவிடும்.

கள்ளக்குறிச்சிக்கு இறங்கிச் சமவெளிச் சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போதும் நடுங்கினால்? இதற்கு ஒரு சோதனை உண்டு. வேகத்தை மாற்றாமல் கியரை மட்டும் ஒன்று குறைக்கச் சொல்லுங்கள். எஞ்சினின் சுற்று மாறும். சக்கரத்தின் சுற்று மாறாது. நடுக்கமும் மாறவில்லையென்றால் குற்றம் எஞ்சினில் இல்லை. சக்கரத்திலோ அதைச் சுழற்றும் தண்டிலோதான். சக்கரத்தின் சுற்றளவு 1.85 மீட்டர் என்றால் அது வினாடிக்கு ஏறக்குறைய 12 முறை சுற்றுகிறது. சமனில்லாத சக்கரம் அத்தனை முறையும் குலுக்கும்.

இனி 'டக், டக்'. முன்சக்கரம் ஒரே சமயத்தில் சுழலவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். லாரியின் நீண்ட தண்டில் உள்ள சிலுவை மூட்டு இதற்குச் சரிப்படாது. 30 பாகை மடங்கினால், ஒரு பக்கம் 100 சுற்று என்ற சீரான வேகத்தில் சுழன்றாலும் மறுபக்கத்தின் வேகம் 87-க்கும் 115-க்கும் இடையே ஏறி இறங்கும்! இந்தக் குறையை 1920களில் ஆல்ஃபிரட் ஷெப்பா தீர்த்தார். அவரது மூட்டில் வளைந்த பள்ளங்களில் ஆறு எஃகுக் குண்டுகள் அமர்ந்து, தண்டு எவ்வளவு மடங்கினாலும் வேகத்தைச் சமமாகக் கடத்துகின்றன.

இம்மூட்டைக் கிரீஸுடன் மூடியிருப்பது ஒரு மெல்லிய ரப்பர் உறை. அதில் கீறல் விழுந்தால் கிரீஸ் வெளியேறும், மண்ணும் நீரும் உள்ளே போகும். குண்டுகள் பள்ளங்களை அரித்துவிடும். தேய்ந்த பள்ளத்தில் குண்டு இடறும் ஓசைதான் அந்த 'டக், டக்'. வெற்று மைதானத்தில் பெரியவர் யாராவது ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி மெதுவாக ஓட்டட்டும்; நீங்கள் தள்ளி நின்று கேளுங்கள். இடப்பக்கம் திரும்பும்போது ஓசை பெரிதானால் பெரும்பாலும் வலப்பக்க மூட்டுதான். உறை கிழிந்தவுடன் கண்டுபிடித்தால் உறையும் கிரீஸும் மாற்றினால் முடிந்தது. ஓசை வந்தபின் கிரீஸ் அடைப்பதால் தேய்ந்த எஃகு வளராது. மூட்டையே மாற்ற வேண்டும்.